பச்சிளங்குழந்தைப் படத்தில் விழுந்த கரும்பட்டைகள்

தக்கலையில் தங்கையின் பச்சிளங்குழந்தையைப் படமெடுத்தபோது, குறுக்கே மங்கலான கரும்பட்டைகள் விழுந்தன. லென்ஸையும் மெமரி கார்டையும் மாற்றினேன், கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவைக் குறைத்தும் பார்த்தேன், பலனில்லை. மழை விட்டபின் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் மட்டும் பட்டை இல்லை என்பதைக் கவனித்த பிறகுதான் எல்இடி டியூப் லைட்டின் மீது சந்தேகம் வந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் பல நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கின்றன. குழந்தை விழிக்காதிருக்க நான் வைத்திருந்த சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரோ, ஒளியைப் பதியும் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிந்துவிடுகிறது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியிலிருந்து, ஒரு முழுத் துடிப்பின் நேரமான 1/100 நொடிக்கு இறக்கியதும் பட்டைகள் மறைந்தன, நிம்மதி. அந்த வேகத்தில் உதறும் கைகால்கள் கலங்கித் தெரியும் என்பதால், பால் குடித்து அயர்ந்து உறங்கும் நேரமே ஏற்றது. ஃபிளாஷை நான் எடுக்கவே இல்லை, அம்மாவின் முறைப்பும் அதற்கொரு காரணம்.