ஆக்சலாட்டலுக்கு இரை கொடுப்பது எப்படி: தொட்டி நீர் கலங்காமல் இருக்கச் சில வழிகள்

ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் உயிரை வளர்க்கத் தொடங்கியவர்களில் பலர், தொட்டி எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இரண்டே நாளில் கலங்கிவிடுகிறது என்று வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். ஃபில்டரை மாற்றிப் பார்க்கிறார்கள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் குறை இருப்பது இரை கொடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஒரே வாயில் விழுங்க முடியாத எதையும் நீரில் இடாமலும், இட்டது வயிற்றுக்குள் போகும்வரை அங்கிருந்து நகராமலும் இருந்தால், தொட்டியில் அழுகுவதற்கென்று எதுவும் மிஞ்சாது.

இதற்கு அந்த உயிர் எப்படி உண்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களைத் தாயகமாகக் கொண்ட ஆக்சலாட்டல், வளர்ந்த பிறகும் வெளிச்செவுள்களை இழக்காமல் வாழ்நாள் முழுவதையும் நீருக்குள்ளேயே கழிக்கும் சாலமாண்டர் வகை, அதாவது பல்லி போன்ற உடலுள்ள நீர்நில வாழ்வி. அது இரையை மெல்லுவதில்லை. வாயைத் திடீரென அகலத் திறந்து தொண்டையைக் கீழிறக்கும்போது, முன்னால் இருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. அதன் பற்கள் மிகச் சிறியவை, வழுக்கும் புழுவைப் பிடித்து நிறுத்த உதவுமே தவிர, கடித்துத் துண்டாக்க உதவா. உள்ளே போன நீர் செவுள் பிளவுகள் வழியாக வெளியேறும்போது, உதிர்ந்த இரையாக இருந்தால் அதன் துணுக்குகளும் கூடவே வெளியே வந்துவிடுகின்றன. கண்பார்வையும் மந்தமானதுதான். வாசனையையும் நீரின் அசைவையும் கொண்டே அது இரையைக் கண்டுகொள்கிறது என்பதால், ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும் இரையை அது வேண்டாம் என்று ஒதுக்கியதாக நாம் எண்ணக்கூடாது. பல நேரங்களில் அது அங்கே இருப்பதே அதற்குத் தெரிந்திருக்காது.

மிஞ்சிய இரை அழுகினால் அம்மோனியா உண்டாகிறது. மெல்லிய தோலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செவுள்களும் கொண்ட இந்த உயிரால் அதைத் தாங்க முடியாது. அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் தொட்டியில் சுழியமாகவே இருக்க வேண்டும். நீர் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. நம் ஊர்க் கோடையில் சில்லர் எனும் குளிர்விக்கும் கருவி இல்லாத தொட்டி இதைவிட வெகுவாகச் சூடேறிவிடும். அப்போது மிச்சம் விரைவாக அழுகுவதோடு, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 24 டிகிரியைத் தாண்டினால் அது உண்ண மறுப்பதும், உண்டதைக் கக்குவதும் உண்டு. அந்த நிலையில் இரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காமல், முதலில் நீரைக் குளிர்விப்பதே சரி.

வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு மண்புழுவைவிடச் சிறந்த இரையை நான் அறியேன். சத்து நிறைந்தது, நீரில் கரையாதது, அசைவதால் எளிதில் கண்டுகொள்ளப்படுவது. பூச்சிமருந்தோ ரசாயன உரமோ படாத மண்ணில் எடுத்த புழுவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. தமிழ்நாட்டில் மண்புழு உரத்துக்கு வளர்க்கப்படும் புழுக்களில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் வளையம் வளையமாகத் தெரியும் சிறிய புழு, சீண்டினால் நாற்றமுள்ள மஞ்சள் திரவத்தைச் சுரக்கும் என்பதால், ஆக்சலாட்டல்கள் பல அதை வாயில் வாங்கியதும் துப்பிவிடுகின்றன. ஊதா மினுமினுப்புள்ள பெரிய ஆப்பிரிக்கப் புழுவை அவை நன்றாகவே உண்கின்றன. எந்தப் புழுவானாலும் சில மணி நேரம் ஈரமான காகிதத்தில் விட்டு வைத்தால் வயிற்றிலுள்ள மண்ணை வெளியேற்றிவிடும். பிறகு குளோரின் இல்லாத நீரில் அலச வேண்டும். நீளமான புழுவை நறுக்க நேர்ந்தால், நறுக்கிய துண்டுகளை மறுபடியும் ஒருமுறை அலசியே கொடுக்க வேண்டும். வெட்டுவாயில் கசியும் மண்ணும் திரவமும் தொட்டியில் சேர விடக்கூடாது. இரையின் பருமன் ஆக்சலாட்டலின் இரு கண்களுக்கு இடையேயுள்ள அகலத்தை மிஞ்சாமல் இருக்கட்டும்.

உறைய வைத்த ரத்தப்புழுக் கட்டிகளே (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவந்த இளம்புழுக்கள் இவை) நீரைக் கெடுப்பதில் முதலிடம் வகிக்கின்றன. கட்டியை அப்படியே தொட்டியில் போட்டால், உருகும்போது சிவப்புச் சாறு புகைபோல் பரவி, நூல் நூலாகப் பிரிந்த புழுக்கள் மணலிலும் செடிகளிலும் ஒளிந்துகொள்ளும். கட்டியைத் தேநீர் வடிகட்டியில் வைத்து, உருகிய சாறு முழுவதும் வடிந்த பிறகு, மிஞ்சும் புழுக்களை மட்டும் சிறிய கண்ணாடித் தட்டில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கலாம். பெல்லட் எனும் சிறு உருண்டைத் தீவனம் கொடுப்பவர்கள் மூழ்கக்கூடிய, மென்மையான வகையைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக இட்டு, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததை இட வேண்டும். மாட்டிறைச்சி, கோழி ஈரல் போன்றவற்றின் கொழுப்பு நீரின் மேல் படலமாக மிதக்கும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடையில் வாங்கிய சிறு மீன்கள் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரலாம் என்பதால் அவையும் வேண்டாம்.

இரை கொடுக்க ஏற்ற நேரம் மாலை. ஆக்சலாட்டலுக்கு இமை கிடையாது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் ஒளிந்துகொள்ளும். எனவே விளக்கை அணைத்துவிட்டு, ஃபில்டரையும் நிறுத்தி, நீரோட்டம் அடங்கக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். முனை மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் புழுவின் ஒரு நுனியைப் பிடித்து, மூக்குக்குச் சற்று முன்னால் மெல்ல அசைத்தால், முதலில் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். செவுள் இறகுகள் ஒருமுறை பின்னோக்கி மடியும். பிறகு கண் இமைக்கும் நேரத்துக்குள் புழுவின் பாதி வாய்க்குள் போய்விட்டிருக்கும். அந்த நொடியே இடுக்கியைத் தளர்த்திவிட வேண்டும். மறுபாதி வாய்க்கு வெளியே நெளிவதைப் பார்த்துப் பதறி இழுக்கக்கூடாது. அது சற்று நேரம் அசையாமல் இருந்து, தலையை வெடுக்கென உலுக்கி, இரண்டு மூன்று மடக்கில் மீதியையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். துப்பிவிட்டால் எடுத்துப் பாதியாக நறுக்கி மறுபடி முயலலாம். இரண்டாம் முறையும் துப்பினால் அன்றைக்கு விட்டுவிடுவதே முறை.

தரையில் கூழாங்கல் பரப்பியிருந்தால், இரையோடு கல்லையும் உறிஞ்சிவிடும். அது குடலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெறும் தரையோ மிக நுண்ணிய மணலோ போதும், அதன் மேல் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு கனமான தட்டை வைத்துப் பழக்கினால், சில வாரங்களில் இடுக்கியைக் கண்டதும் அது தானாகவே அங்கு வந்து நிற்கத் தொடங்கும். இரண்டு ஆக்சலாட்டல்கள் இருந்தால் இரண்டு ஓரங்களில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பசியோடிருக்கும் குட்டிகள் பக்கத்தில் அசையும் காலையும் செவுளையும் இரையென்று கவ்விவிடும். இழந்த கால் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது உண்மைதான். அதற்காக அந்தக் காயத்தை நாம் அலட்சியம் செய்யக்கூடாது.

அரை மணி நேரத்துக்குள் எல்லா மிச்சத்தையும் எடுத்துவிட வேண்டும். இதற்கு, ரப்பர் குமிழ் பொருத்திய நீண்ட உறிஞ்சு குழாய் ஒன்றைத் தொட்டியின் அருகிலேயே தொங்கவிட்டு வைத்திருக்கிறேன். குமிழை நீருக்கு வெளியே அழுத்திப் பிடித்தபடி முனையை மிச்சத்தின் அருகே கொண்டுபோய்ப் பிடியைத் தளர்த்தினால், துணுக்கு கலையாமல் உள்ளே வந்துவிடும். இரண்டொரு நாள் கழித்து வரும் பழுப்பு நிறக் கழிவுக் கட்டியையும் உடையும் முன் இதே குழாயால் எடுத்துவிடலாம். முடிவில் ஃபில்டரை மறக்காமல் இயக்க வேண்டும். ஒருமுறை இதை மறந்து உறங்கிவிட்டேன். காலையில் நீர் பால்போல் வெளுத்திருந்தது, ஆக்சலாட்டல் மேல்மட்டத்துக்கு வந்து வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டருக்குள் இருந்து அம்மோனியாவை மாற்றித் தரும் நற்கிருமிகள் ஓடும் நீரின் ஆக்சிஜனை நம்பியே வாழ்கின்றன என்பதை அன்று அஞ்சி அஞ்சித் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து, ஃபில்டரின் சுவிட்சை அணைக்கும்போதே கைப்பேசியில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரை கொடுத்தால் போதும். வளரும் குட்டிகளுக்குத் தினமும் தேவை. மேலிருந்து பார்க்கும்போது வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்கு ஒத்திருந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். முட்டையிலிருந்து வந்த புதிய குஞ்சுகளுக்கு மட்டும் இந்த முறைகள் பொருந்தா, ஏனெனில் அவை அசையும் இரையையே உண்ணும். அவற்றுக்கு அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்) குஞ்சுகளை உப்புநீர் போக அலசிக் கொடுக்க வேண்டும். அந்த ஆர்ட்டீமியாக்கள் நன்னீரில் சில மணி நேரத்திலேயே இறந்து கெடத் தொடங்கும் என்பதால், ஆக்சலாட்டல் குஞ்சுகளைச் சிறு பாத்திரங்களில் வைத்து, தினமும் முழு நீரையும் மாற்றிவிடுவதே எளிது. மாற்றும் நீர் பழைய நீரின் அதே வெப்பநிலையில் இருக்கிறதா என்று வெப்பமானியை இட்டுப் பார்த்த பிறகே குஞ்சுகளை அதில் விட வேண்டும்.