கல்லூரியில் பாலியல் வன்முறை: புகார் கொடுத்தால் யாருக்கெல்லாம் தெரியும்?

"வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திடுவாங்க." இந்தப் பயம் நியாயமானதுதான். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களோடு எஃப்ஐஆர் இணையத்தில் கசிந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், வழக்கைப் பெண் ஐபிஎஸ் அதிகாரிகளின் சிறப்புக் குழுவிடம் ஒப்படைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த மாணவியின் பேர் வெளியே வந்திருக்கவே கூடாது. அதனால்தான் எந்தப் படியில் யாருக்கு என்ன தெரியவரும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: மருத்துவமனை

முடிந்தால் குளிக்காமல், அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டீர்களா? பரவாயில்லை, போங்கள். எஃப்ஐஆர் கேட்காமல் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் இரண்டுக்கும் கடமை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் உடலைப் பரிசோதிக்க முடியாது. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் சோதனை'யை உச்ச நீதிமன்றம் தடை செய்திருக்கிறது. யாராவது செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள்.

படி 2: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழு வேண்டாம்.

படி 3: போலீஸ்

சம்பவம் கிண்டியில் நடந்திருந்தாலும் தாம்பரத்தில் புகார் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்ஐஆர்' பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. பெண் அதிகாரிதான் புகாரை எழுத வேண்டும். வீட்டுக்கு வர வேண்டாம் என்றால் வாக்குமூலம் எடுக்கும் இடத்தை நீங்களே சொல்லலாம். எஃப்ஐஆர் நகல் இலவசம். உங்கள் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வன்கொடுமை வழக்கின் விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும்.

18 வயது நிரம்பியிருந்தால் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. முதலாண்டு மாணவிகளில் சிலருக்கு 17 வயதுதான் இருக்கும். அவர்களுக்குக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். அதனால் நீங்கள் அந்த மாணவியின் தோழியாக இருந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 4: உள்ளகப் புகார்க் குழு (ஐசிசி)

பாலியல் புகார்களை விசாரிக்கக் கல்லூரிக்குள்ளேயே இருக்கும் குழு இது. போலீஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இங்கே வரலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். டீன், துறைத் தலைவர் (ஹெச்ஓடி) போன்றவர்கள் உறுப்பினராக இருக்கவே கூடாது. ஹெச்ஓடி "என்கிட்டயே கொடும்மா, பார்த்துக்கிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். அங்கேதான் பல புகார்கள் அமுங்கிப் போகின்றன.

இங்கே ரகசியம் என்றால் யாருக்குமே தெரியாது என்று அர்த்தமில்லை. புகாரின் நகல் ஏழு நாளில் எதிராளி கைக்குப் போகும். குழுவினருக்கும் சாட்சிகளுக்கும் உங்கள் பேர் தெரியும். அதைத் தாண்டி வெளியே சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனவே புகாரோடு சேர்த்தே இடைக்காலப் பாதுகாப்பும் கேளுங்கள்: அவர் உங்களை நெருங்கக் கூடாது, உங்கள் தாளைத் திருத்தக் கூடாது, உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு வேண்டும் என்று. சமரசம் நீங்கள் கேட்டால்தான், அதிலும் பணம் பேசக் கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அப்புறம், நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்லிவிட முடியாது.

புகாரைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். இலவச வழக்கறிஞர் உதவிக்கு 15100.