பேய்ப்பட விமர்சனத்தில் பகிடி: திரும்பத் திரும்ப நடக்கிற பிழைகள்

புதிதாகப் பேய்ப்பட விமர்சனம் எழுத வருகிறவர்களின் எழுத்தை வாசித்தால், எழுதிப் பழகின எல்லாரும் ஒருகாலத்தில் சறுக்கின அதே பாசிப்படியில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். முடிவைச் சொல்லிவிடாதே, நடிகரின் பெயரைப் பிழையாக எழுதாதே என்பதெல்லாம் ஆருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிட்டு, நாலு பேர் வாசித்த பிறகும் கண்ணுக்குப் படாத பிழைகளைப் பார்ப்போம்.

சனம் சிரித்ததைப் பிழையாகக் கேட்பது

“தியேட்டரில சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. இதெல்லாம் ஒரு பேய்ப்படமோ?”

இந்த வரியைப் பார்க்கும்போது வருகிற எரிச்சல் இன்னும் குறையவில்லை. எழுதினவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கிறது, அது எந்த இடத்தில் கேட்டது என்று மட்டும் அவர் கவனிக்கவில்லை. விமர்சனம் முழுக்க அந்தக் கோணலின் மேல்தான் நிற்கிறது. நல்லாய் வெருட்டின படம் தோற்றதாகவும், தோற்ற படம் “சும்மா பொழுதுபோக்கு” என்றும் எழுதப்பட்டுவிடுகிறது.

பேய்ப்படம் ஓடுகிற அரங்கில் மூன்று வகைச் சிரிப்பு உண்டு.

முதலாவது, வெருட்டலுக்குப் பின்னால் வருவது. திரையில் ஏதோ பாய்கிறது, அரங்கே கத்துகிறது, ஓரிரண்டு செக்கனில் கத்தல் சிரிப்பாக மாறுகிறது. உடம்பு ஓடத் தயாராகி நெஞ்சு அடித்து, தோள் காதுவரை ஏறிவிட்டது. ஆபத்தில்லை என்று தெரிந்ததும், ஏறின இறுக்கம் போக வழியில்லாமல் சிரிப்பாய் வெளியே வருகிறது. 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் இரவுத் தெருவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் கேட்ட காலடி திடீரென்று நின்றுவிடுகிறது. அடுத்த கணம் சீறிக்கொண்டு பாய்வது ஒரு பஸ், அவ்வளவுதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் ஊரில் நடுச்சாமத்தில் தகரக் கூரையில் காவோலை விழுந்தால் வீடே துள்ளி எழும்பும், பிறகு ஆளை ஆள் பார்த்துச் சிரிக்கும். அதற்காகக் காவோலை வெருட்டவில்லை என்று ஆரும் சொல்வதில்லை. இந்தச் சிரிப்பு படத்துக்குக் கிடைத்த சான்றிதழ்.

இரண்டாவது, வெருட்டலுக்கு முன்னால் வருவது. கதாநாயகி கதவுப்பிடியில் கை வைக்கிறாள். இசை நின்றுவிட்டது. பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “திறக்காதை பிள்ளை, சொல்வழி கேள்!” அரங்கு கொல்லென்று சிரிக்கிறது. அமைதியைத் தாங்கேலாமல் சனம் தானே கயிற்றைத் தளர்த்திவிடுகிறது. இயக்குநர் கட்டின முடிச்சு இறுகியிருக்கிறது என்பதற்கு இதுவும் அடையாளம்தான். ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு அரங்கு மறுபடி அமைதியாக எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணவேண்டும். நாலைந்து செக்கனில் அடங்கினால் காட்சி பிடியை விடவில்லை. அடங்காமல் இன்னும் இரண்டு குரல் சேர்ந்தால், காட்சி தேவைக்கு மேல் நீண்டுவிட்டது.

மூன்றாவது, பேய் முழுதாகக் கண் முன்னால் நிற்கும்போதே வருவது. தோல்வி என்று எழுத வேண்டியது இதை மட்டும்தான். எழுதும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலும் காரணம் நாலில் ஒன்றாக இருக்கும்: உருவம் தேவைக்கு அதிகமாக நின்றது, வெளிச்சம் கூடிவிட்டது, இசை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது, அல்லது ‘அமைதி, பிறகு பெரிய சத்தம்’ என்ற அதே தாளம் மூன்றாவது தரமும் வந்தது. முதல் இரண்டு தரமும் மூன்று செக்கன் அமைதிக்குப் பிறகு சத்தம் வந்தால், மூன்றாம் தரம் சனம் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும்.

காரணம் பிடிபட்டால் பகிடி தானாக வரும். “மேக்கப் போட்டவரைப் பிடித்து உள்ளே போடவேணும்” என்பது எந்தப் படத்துக்கும் ஒட்டும், அதனால் எந்தப் படத்துக்கும் ஒட்டாது. இதைப் பாருங்கள்: “கிணத்தடியில் நிற்கிற உருவம் மூன்று செக்கனில் மறைந்திருந்தால் எங்கள் நெஞ்சும் நின்றிருக்கும். பதினைந்து செக்கன் நின்றபடியால் சீலைக் கரை என்ன நிறம், முந்தானை எத்தனை முழம் என்று பார்த்து முடித்துவிட்டோம்.” சிரிப்பும் வருகிறது, காட்சியில் என்ன பிழை என்பதும் விளங்குகிறது.

இதற்குத் தேவை ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும். கைபேசி வெளிச்சம் வேண்டாம், பக்கத்துச் சீற்றில் இருப்பவரின் பயத்தையும் அது கெடுக்கும். இருட்டில் பார்க்காமலே எழுதக்கூடிய மூன்று எழுத்துப் போதும்: பின்னால் வந்த சிரிப்புக்கு ‘பி’, முன்னால் வந்ததுக்கு ‘மு’, நேரே நிற்கும்போது வந்ததுக்கு ‘நே’. பக்கத்தில் காட்சியைக் காட்ட ஒரு சொல்: ‘கதவு’, ‘கிணறு’, ‘கண்ணாடி’. இடைவேளையில் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். பேயின் முழு உருவத்தை இடைவேளைக்குச் சற்று முன் காட்டுவது எங்கள் படங்களின் வழமை, ஆகவே அதற்குப் பிறகு ‘நே’ கூடுகிறதா என்பதுதான் இரண்டாம் பாதியின் கதை. கொப்பியில் உள்ளதை அன்றிரவே விரித்து எழுதிவிடவேண்டும். விடிந்தால் ‘கிணறு – பி’ என்பது எந்தக் கிணறு என்று மறந்துபோகும்.

இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது

பேயும் பகிடியும் கலந்த படத்துக்கு ஐந்துக்கு மூன்று என்று ஒரே புள்ளி போட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. பயத்துக்கு ஒன்று, சிரிப்புக்கு ஒன்று என்று இரண்டு புள்ளி போடுங்கள்.

பிறகு ஒன்று மற்றதுக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். ‘சந்திரமுகி’யில் (2005) வடிவேலு பயப்படும்போது நாங்கள் சிரிக்கிறோம். ஆனால் அந்த மாளிகையில் பயப்பட ஏதோ இருக்கிறது என்று எங்கள் மனதில் பதிய வைப்பதும் அதே சிரிப்புத்தான். பகிடி பயத்துக்குப் பாதை வெட்டுகிறது. இந்தப் படத்தைப் ‘பேய்ப்படம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் பிழை. 1993இல் மலையாளத்தில் வந்த மூலப்படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ போலவே இதுவும் நடப்பதை மனநோயாகத்தான் விளக்குகிறது.

பேயின் காயத்தைக் கேலி செய்வது

தமிழ்ப் படத்துப் பேய் சும்மா வருவதில்லை. ஏமாற்றப்பட்டு, பறிகொடுத்து, கொல்லப்பட்டுத்தான் வரும். ‘காஞ்சனா’வில் (2011) லாரன்சின் பாத்திரம் இரவில் தாயைத் துணைக்குக் கூப்பிடாமல் வெளியே போகாது. அதை எவ்வளவும் பகிடி பண்ணலாம், படமே எங்களைக் கூப்பிட்டுச் சிரிக்கச் சொல்கிறது. சரத்குமார் நடித்த காஞ்சனா, நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை. அந்தக் கதை சொல்லப்படும் இடத்தில் அவருடைய நடையையும் குரலையும் வைத்துப் பகிடி விடுவது விமர்சனமே இல்லை.

ஊர்ப் பேய்களுக்கும் இதுதான் கணக்கு. பிள்ளைப்பேற்று வீட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கொத்தி, பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சாகிற பயத்தில் இருந்து வந்தது. கொத்தியை மோசமாகப் படமெடுத்தவரைக் கேலி செய்யுங்கள். அந்தப் பயத்தைச் சுமந்தவர்களை விட்டுவிடுங்கள்.

“ஏன் லைற் போடேல்லை?”

இந்தக் கேள்வியைக் கேட்காத விமர்சனம் இல்லை. கரண்ட் போய்விட்டது என்று படம் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கும், முதலில் அதைக் கவனியுங்கள்.

காசில்லாததைப் பார்த்துச் சிரிப்பது

‘சைக்கோ’வின் (1960) குளியலறைக் காட்சியில் ஓடுகிற இரத்தம் சொக்லேற் பாணி. கறுப்பு வெள்ளையில் அது இரத்தமாகவே தெரிகிறது. ‘ஜோஸ்’ (1975) எடுக்கும்போது இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதானது. அதனால் சுறாவை அதிகம் காட்டாமல் இசையாலேயே வெருட்டினார்கள். மலிவான பொருள் பிழையல்ல, அதற்குக் கிட்டப்போய் முழு வெளிச்சம் போட்டுக் காட்டுவதுதான் பிழை. பகிடி கமெராவின் மேல் விழட்டும்.

கைபேசி ஸ்பீக்கரில் பார்த்துவிட்டு “பயமில்லை” என்பது

அடிவயிற்றில் உறுமுகிற தாழ்ந்த ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. குறைந்தது ஒரு ஹெட்போனாவது போடுங்கள்.

டப்பிங்

குரல் கொடுத்தவரின் பிழைக்கு இயக்குநரைத் திட்டாதீர்கள்.

படத்தின் பெயரை வைத்துச் சிலேடை

போஸ்டர் ஒட்டின அன்றே சந்தியில் நிற்கிற பொடியள் அதைச் சொல்லி முடித்திருப்பார்கள்.