பெங்களூரில் ஓவியர்கள் சேர்ந்து ஒரு கலைக்கூடம் நடத்துவது எப்படி

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் தமிழ் ஓவியர்கள் பலருடைய படங்கள் வரைந்து முடித்ததும் கட்டிலுக்கடியிலோ பரணிலோதான் போய்ச் சேர்கின்றன. ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தே என்னும் ஓவியச் சந்தையில் ஒரு நாள் வெயில் கண்டுவிட்டு அவை மீண்டும் பரணுக்குத் திரும்புகின்றன. ஆண்டு முழுவதும் படம் சுவரில் தொங்க வேண்டும், விற்ற பணத்தில் பெரும்பங்கு வரைந்தவருக்கே சேர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, வாடகைக்கு ஓர் அறை பிடித்துத் தாங்களே நடத்தலாம். அப்படி ஒரு கூடத்தில் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருந்து கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஒரே பாணியில் வரைகிற நண்பர்களாகவே சேர்ந்தால் எல்லாரும் ஒரே சுவருக்கும் ஒரே வாடிக்கையாளருக்கும் போட்டியிட நேரும். ஆகவே நீர்வண்ணம் தீட்டுபவர், தஞ்சாவூர்ப் படம் செய்பவர், சுடுமண் சிற்பி, மர அச்சுப் படம் எடுப்பவர் என்று கைகள் வேறுபட்டிருப்பது நல்லது. திறமையைப் போலவே இன்னொன்றையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்: மாதம் மூன்று நாள் கூடத்தில் வந்து உட்கார முடியுமா? திங்கள் விடுமுறை போக மாதத்துக்கு இருபத்தாறு நாள் திறந்தால், எட்டுப் பேருக்கு ஆளுக்கு மூன்று நாளுக்குச் சற்று மேல் முறை வரும். அதற்கு ஒப்புக்கொள்ளாதவர் எத்தனை பெரிய கலைஞரானாலும் விருந்தினராகப் படம் வைக்கட்டும், உறுப்பினராக வேண்டாம்.

அடுத்தது பணம். இதில் நான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் எங்கள் கூடம் உடைந்துபோகப் பார்த்தது இங்கேதான். பெங்களூரில் கட்டட உரிமையாளர்கள் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அட்வான்ஸ் மட்டும் 4,00,000 ஆகும். எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 50,000. இரண்டாம் ஆண்டில் எங்களில் ஒருவர் ஊரை விட்டுப் போக நேர்ந்து தம் பங்கைத் திருப்பிக் கேட்டபோது, அந்தப் பணம் உரிமையாளரிடம் இருந்தது. எங்களிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டவர் மீதும் தவறில்லை, கொடுக்க முடியாத எங்கள் மீதும் தவறில்லை, ஆனால் நாலைந்து மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிற்று. ஆகவே, விலகுகிறவர் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அவருக்குப் பதிலாக வருபவர் கட்டும் அட்வான்ஸ் பங்கிலிருந்தோ இத்தனை மாதத் தவணையிலோ அவர் பணம் திரும்பும் என்பதை, சாவி வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

வாடகையை விற்பனைக் கமிஷனிலிருந்து கட்டிவிடலாம் என்று ஒருபோதும் கணக்குப் போடாதீர்கள். இருபது சதவீதக் கமிஷனில் 40,000 ரூபாய் சேர வேண்டுமானால் அந்த மாதம் 2,00,000 ரூபாய்க்குப் படம் விற்க வேண்டும். புதிய கூடத்தில் அது நடப்பது அரிது. வாடகை உறுப்பினர் சந்தாவிலிருந்து வரட்டும், ஆளுக்கு 5,000. கமிஷன் பணத்தை மின்கட்டணம், விளக்கு, அழைப்பிதழ், சுவர்ப் பூச்சு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். தனியார் கூடங்கள் பல விற்பனை விலையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்கையில் இங்கே ஐந்திலொரு பங்கு மட்டுமே போகிறது என்பதும், மீதியை விற்ற பதினைந்து நாளுக்குள் ஓவியரின் கையில் சேர்த்துவிட முடிகிறது என்பதும்தான் கூட்டாக நடத்துவதன் பயன். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயைக் கொண்டு நின்றார்கள். ஓவியம் விற்றுத்தான் அடுப்பெரிய வேண்டும் என்ற நெருக்கடியை அவர்கள் அப்படித் தள்ளி வைத்தது நமக்கும் பின்பற்றத்தக்கது.

பதிவைப் பொறுத்தவரை, கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். அதில் சங்கத்தின் உபரியை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஆனால் படம் விற்ற பணம் ஓவியருடையதேயன்றிச் சங்கத்தின் உபரி அன்று என்பதால் பெரும்பாலான குழுக்களுக்கு இதுவே போதும். பங்குத் தொகையும் இலாபப் பங்கும் வேண்டும் என்றால் 1959-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் வழி போகலாம். அங்கே தேர்தல், தணிக்கை முதலிய கடமைகள் கூடுதல். பெயர்ப்பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024-இல் வந்த சட்டத்திருத்தம். பலகையோடு நில்லாமல் படக்குறிப்புகளையும் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா முதன்முதலாக உள்ளே வந்து ஒவ்வொரு படமாக நின்று பார்த்தது கன்னடக் குறிப்பு வைத்த பிறகுதான்.

படம் கூடத்துக்குள் வரும்போது ஒப்படைப்புச் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். தலைப்பு, வரைந்த ஆண்டு, ஊடகம், உயரம் முன்னும் அகலம் பின்னுமாக அளவு, விலை, வந்தபோது இருந்த நிலை ஆகியவற்றைக் குறித்து, முன்பக்கமும் பின்பக்கமும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமின் மூலை எப்போது சிதைந்தது என்ற கேள்வி எழும்போது இந்தப் புகைப்படம்தான் நட்பைக் காக்கும்.

மாட்டும்போது படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் நிற்கட்டும். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள படத்தின் பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்புக்கு 8 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது என்றால், ஆணி இருக்க வேண்டிய உயரம் 150-உம் 30-உம் கூட்டி 8 கழித்து 172 சென்டிமீட்டர். நீர்வண்ணமும் காகித வேலைகளும் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளிக்கு மேல் தாங்கா. எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை கொடுக்கலாம். தஞ்சாவூர்ப் படத்தில் சுண்ணப் பொடியும் பசையும் சேர்ந்த மேடும் அதன் மேல் ஒட்டிய தங்கத் தகடும் விளங்க வேண்டுமானால் விளக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் சரிந்து விழ வேண்டும். கண்ணாடியும் அந்த மேட்டைத் தொடாதபடி இடைவெளி விட்டு ஃப்ரேம் போட வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவரின் ஈரம் படத்தின் முதுகில் பூஞ்சையாகப் படரும் என்பதால், ஃப்ரேமின் கீழ்மூலைகளில் சிறு கார்க் துண்டுகளை ஒட்டிக் காற்றோட இடம் விடுங்கள்.

ஓவியரைப் பற்றிய குறிப்பை அவரே எழுதக்கூடாது என்பது எங்கள் விதி. இன்னொரு உறுப்பினர் அவருடைய பட்டறைக்குப் போய் அரைநாள் உட்கார்ந்து, கை செய்வதைப் பார்த்து எழுத வேண்டும். ‘அற்புதமான படைப்பாளி’ என்ற சொற்களால் பார்வையாளருக்கு எதுவும் கிடைப்பதில்லை. எவரிடம் கற்றார், பலகையில் துணியை எந்தப் பசையால் ஒட்டுகிறார், அது காய எத்தனை நாள் காத்திருக்கிறார், எந்த இடத்தில் படத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறார் என்பவற்றை எழுதுங்கள். இப்படி எழுதியவர் தம் முறைநாளில் அந்தப் படத்தின் முன் நின்று பேசும்போது பேச்சில் உண்மை இருக்கும். முறைநாளில் தம் படத்தைத் தவிர்த்து மற்றவர் படங்களையே முதலில் காட்ட வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள்.

விலையில் ஒரே நெறி: கூடத்திலும் சித்ர சந்தேயிலும் வீட்டிலும் ஒரே விலை. கூடத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குறைத்து வாங்குபவருக்கு இணங்கினால் மற்ற ஏழு பேரின் விலையும் சரிந்துபோகும். விற்றதும் குறிப்பட்டையில் சிவப்புப் புள்ளி ஒட்டி, ரசீதில் ‘படம் மட்டுமே விற்கப்பட்டது, மறுபதிப்பு உரிமை ஓவியருக்கே’ என்ற வரியைச் சேருங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் மாற்றித் தராத வரை அந்த உரிமை வாங்கியவருக்குப் போவதில்லை. படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் விற்ற பின்னும் படைத்தவரிடமே உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்க்கப்பட்ட சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில் 2005-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பில் யார் பெயரில் போடப்படுகிறது என்பதைப் பொறுத்து ஜிஎஸ்டி பதிவின் தேவை மாறும். அதை முதல் விற்பனைக்கு முன்பே கணக்காய்வாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நுழைந்ததும் கண்ணில் படும் சுவர் யாருக்கு என்பதில் மனத்தாங்கல் வராமலிருக்க, நாங்கள் ஆறு வாரத்துக்கொரு முறை பெயர்களை எழுதிக் குடத்திலிட்டு எடுக்கிறோம். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறைதான் இது. அங்கே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று விதித்திருந்தார்கள். நாங்களும் சந்தா பாக்கி வைத்தவர், முறைநாள் தவறவிட்டவர் பெயரை அந்தச் சுற்றில் சேர்ப்பதில்லை. மாற்றும் நாளில் எல்லாப் படங்களையும் இறக்கி, ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, ஒப்படைப்புச் சீட்டுகளோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகே குடத்தைக் கொண்டுவாருங்கள்.