ஒரு நகரத்தின் பங்க் ராக் தொடக்கத்தை ஆவணப்படமாக்குவது எப்படி

ஒரு நகரத்தில் பங்க் ராக், அதாவது 1970களில் எழுந்த வேகமான, முரட்டுத்தனமான ராக் இசை, எப்படித் தொடங்கியது என்பதைப் படமாக்க விரும்புபவர், கேமராவைத் தொடுவதற்கு முன், எந்த இசைக்குழு எந்த அரங்கில் எந்த நாளில் வாசித்தது என்று ஒரு தேதிப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். இந்த இசையைச் சுற்றிய நினைவுகள் ஆண்டுக்கு ஆண்டு வளர்பவை. 1976 ஜூன் 4 அன்று இங்கிலாந்தில் மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்ததைக் கேட்க வந்தவர்கள் மிகச் சிலரே. அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னவர்களையெல்லாம் கூட்டினால் அந்த அரங்கம் கொள்ளாது. அதே அரங்கில் ஜூலை 20 அன்றும் அவர்கள் வாசித்தார்கள் என்பதால், தேதியைக் குழப்பிக்கொள்பவரைப் பொய்யர் என்று எண்ணிவிடக் கூடாது.

பழைய துண்டறிக்கைகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. ஆனால் கிழமை இருக்கும். ‘வெள்ளி, ஜூன் 4’ என்று மட்டும் அச்சிட்ட தாள் கிடைத்தால், 1970 முதல் 1985 வரை அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வருவது 1971, 1976, 1982 ஆகிய ஆண்டுகளில்தான் என்பதை நாட்காட்டி காட்டிவிடும். குழுவின் பெயரைப் பார்த்தால் எந்த ஆண்டு என்பதும் தெளிவாகும்.

நேர்காணலில் ‘பங்க் என்றால் என்ன’ என்று கேட்பதால் பயனில்லை. ஆம்ப்ளிஃபயரை யாரிடம் இரவல் வாங்கினீர்கள், வாசலில் காசு வாங்கியது யார், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் எப்படி வீடு திரும்பினீர்கள் என்று கேட்க வேண்டும். பழைய புகைப்படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் பேசும்வரை அமைதியாகக் காத்திருப்பது எல்லாக் கேள்விகளையும் விடச் சிறந்தது. பழைய நண்பர்களை முதலில் தனித்தனியாகப் பதிவு செய்வது அவசியம். சேர்ந்து உட்கார்ந்தால் உரக்கப் பேசுபவரின் கதையே எல்லோருடைய கதையாகிவிடும்.

அக்காலத்தில் வீட்டுக் கேமராக்களில் பயன்பட்ட சூப்பர் 8 படச்சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் அது 3 நிமிடம் 20 நொடிதான் ஓடும். பலவற்றில் ஒலியே இல்லை. வேறோர் இரவின் கேசட் ஒலியை அதனுடன் இணைக்க நேர்ந்தால், அதைத் திரையில் எழுத்தில் தெரிவிப்பதே நேர்மை.

பாடலைப் பயன்படுத்த இயற்றியவரின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என இரண்டும் தேவை. மான்செஸ்டர் பங்க் குழுவான பஸ்காக்ஸ் 1977இல் செய்ததைப் போல இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்ட குழுக்களில் ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லாமல் போகலாம் என்பதால், படத்தொகுப்பு தொடங்கும் முன்பே ஒவ்வோர் உறுப்பினரிடமும், மறைந்தவர்களின் வாரிசுகளிடமும் எழுத்துவழி இசைவு பெற்றுவிட வேண்டும்.