ஆட்டோகிளேவ் தாங்கும் சிலிகோன் சீல்: எதைப் பார்த்து எடுப்பது?

தகவல் தாளில் ‘200 டிகிரி வரை தாங்கும்’ என்று இருப்பதை மட்டும் நம்பி சீல் எடுக்காதீர்கள். அது உலர்ந்த காற்றில் எடுத்த கணக்கு. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் சூடு 121 அல்லது 134 டிகிரிதான். ஆனால் கூடவே வரும் நீராவி, ரப்பரின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. சீல் கருகாது, உருகாது. நசுங்கினது நசுங்கினபடியே நின்றுவிடும். கசிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரெஷன் செட், அதாவது நசுங்கின அளவில் எத்தனை சதவீதம் திரும்பவில்லை என்பது. உங்கள் சாதனத்தில் சீல் உட்காரும் பள்ளமான காடியிலேயே பொருத்திச் சோதியுங்கள். 3.53 மி.மீ. தடிமனுள்ள ஓ-ரிங் 2.80 மி.மீ. ஆழக் காடியில் 0.73 மி.மீ. நசுங்கும், ஏறக்குறைய 21%. இறுக்கிய நிலையிலேயே 50 சுற்று ஓட்டி, கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு அளவெடுங்கள். 3.38 மி.மீ. இருந்தால் 0.15 மி.மீ. திரும்பவில்லை, செட் 20%, நல்ல கலவை. 40 தாண்டினால் வேறு பாருங்கள். ரிங்கைத் தளர்வாகத் தட்டில் போட்டுச் சோதித்தால் எந்த ரப்பரும் தேறிவிடும்; அந்தச் சோதனையால் பயனில்லை.

பிளாட்டினம் முறையில் பதப்படுத்தியதையே கேளுங்கள். பெராக்சைடு முறையில் அமில எச்சம் தங்கும். சரியாகச் சுடாத சீலில் அது வெள்ளைப் பொடியாக மேலே பூக்கும். அந்த அமிலமே நீராவியில் பிணைப்பை வேகமாக அறுக்கும். எந்த முறையானாலும் போஸ்ட் க்யூர் (வார்த்த பிறகு மறுபடி சுடுவது) செய்தார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்: காற்றோட்டமுள்ள அடுப்பில் 200 டிகிரியில் 4 மணி நேரம் என்பது வழக்கம்.

கடினம் 50 முதல் 60 ஷோர் ஏ (ரப்பர் கடினத்தின் அளவுகோல்) பெரும்பாலான மூடிகளுக்குப் போதும். ஐஎஸ்ஓ 10993, யுஎஸ்பி ஆறாம் வகுப்புச் சான்றுகள் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை உடலுக்குப் பாதுகாப்பா என்பதைச் சொல்பவை. எத்தனை சுற்று தாங்கும் என்று சொல்லாது.

காடியை முழுக்க நிரப்பாதீர்கள். சிலிகோன் சூட்டில் நன்றாக விரியும். 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் விளிம்பில் பிதுங்கி வெட்டுப்படும். மசகுக்குச் சிலிகோன் எண்ணெய் வேண்டாம், ரப்பரை ஊதவைக்கும். காரச் சோப்புநீர் எச்சம் ஒட்டியிருக்க ஆட்டோகிளேவில் வைத்தால் நல்ல சீலும் சீக்கிரம் போய்விடும். தாது நீக்கிய நீரில் அலசிவிட்டு வையுங்கள்.

இடைவிடாமல் நீராவி ஓடும் குழாய் இணைப்பு என்றால் சிலிகோனை விட்டுவிட்டு, பெராக்சைடு முறையில் பதப்படுத்திய ஈபிடிஎம் ரப்பருக்குப் போங்கள்.