பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காடியை எங்கே விடுவது?

ஞாயிறு காலையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலை ஜாம் ஆவதற்கு, காடிகள் (கார்கள்) அதிகம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, "ரெண்டே நிமிஷம்" என்று ஹசார்ட் லைட்டைத் தட்டிவிட்டுப் பூக்கடைக்கு இறங்கிப் போகிறவர்கள். ஒரு தடம் அடைபடும், பின்னால் வருகிறவர் பக்கத்துத் தடத்தில் மூக்கை நுழைப்பார், அங்கே பஸ் நிற்கும், முடிந்தது கதை. ஹசார்ட் லைட் போட்டால் எங்கும் நிற்கலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரத்திலும் நிறுத்தக்கூடாது, லைட் எரிந்தாலும் சம்மன் சம்மன்தான்.

பூசைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள். ஹோலி ரோசரி தேவாலயம் துன் சம்பந்தன் சாலையிலேயே இருப்பதால், முதல் பூசை முடிந்து வெளியேறுகிற காடிகளும் அடுத்த பூசைக்கு வருகிறவையும் வாசலில் முட்டிக்கொள்ளும். வெளியே வருகிறவர்களை முதலில் விடுங்கள், அவர்கள் போனால்தானே உங்களுக்கு இடம். பாட்டியை இறக்கிவிட வேண்டுமா, கைத்தடி, பை எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும், வாசலில் நிறுத்திவிட்டு டிக்கியில் துழாவ வேண்டாம். அப்புறம் ஒன்று, பூசை முடிந்ததும் காடியைக் கோயில் வளாகத்திலேயே விட்டுவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு நழுவுகிற பழக்கம். அது அடுத்த பூசைக்கு வருகிறவரின் இடம். பாதிரியார் ஒலிபெருக்கியில் உங்கள் காடி நம்பரைப் படிக்க வைக்காதீர்கள்.

டபுள் பார்க்கிங் செய்யவே கூடாது என்பதுதான் என் கட்சி. இருந்தாலும் நம் ஊரில் நடக்கும் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: கைப்பேசி எண்ணைப் பெரிய எழுத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள், அழைப்பு வந்தால் எடுங்கள், "இதோ வரேன்" என்று சொன்னால் நிஜமாகவே வாருங்கள். பூசைக்குள் கைப்பேசியை அணைத்துவைக்கப் போகிறவர் அடுத்தவர் காடியை மறித்து நிறுத்துவது சுத்த அநியாயம். மறிபட்டவராக நீங்கள் இருந்தால், ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போன் பண்ணுங்கள். தொடர்ந்து அழுத்தினால் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும், வரவேண்டிய ஆள் மட்டும் வரமாட்டார்.

சந்திப்பில் சாலையில் வரைந்திருக்கும் மஞ்சள் பெட்டிக் கட்டம் காலியாக இருந்தாலும், அதைத் தாண்டி நிற்க இடம் இல்லையென்றால் உள்ளே போகாதீர்கள். பச்சை விளக்கு எரிகிறதே என்று போய் நடுவில் மாட்டிக்கொண்டால் குறுக்குச் சாலையும் சேர்ந்து நின்றுவிடும். இடப்பக்கம் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரக்கடைசிகளில் இது எதுவும் பலிக்காது. காடியை வீட்டிலேயே விட்டுவிட்டு எல்ஆர்டி ரயிலிலோ கொமுட்டர் ரயிலிலோ கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து நடங்கள், இல்லை மோனோரெயிலில் துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்குங்கள். முறுக்கு டின்களைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் வீட்டில் சும்மா இருக்கும் பையனையும் இழுத்துக்கொண்டு வாருங்கள்.